கால் பட்டால்

மாரீஸ்வரி தன் முப்பத்தேழாவது வயதில்தான் முதல்தடவையாக ஒன்றை ஆசைதீர உதைத்தாள். தேனியில் பெரியகுளம் ரோட்டில், ஒருகாலத்தில் ஏலக்காய் குடோனாக இருந்து இப்போது கிக் பாக்ஸிங் ஜிம்மாகிவிட்ட தகரக் கொட்டகை அது. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய கறுப்பு ரெக்சின் பைக்குள் பழைய துணியும் மணலும் அடைத்திருந்தார்கள். ஆள் உயரம், ஆள் கனம். கால் பட்டதும் பை 'தொம்' என்று ஒரு சத்தத்தைப் போட்டு அரையடி பின்னால் போய்த் திரும்பி வந்தது. வந்த பையை அவள் வலது கையால் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுபடியும் உதைத்தாள். மறுபடியும் தொட்டு ஒற்றிக்கொண்டாள். இருபது உதைக்கு இருபது தரம். அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த பைதானே, அக்காவுக்குப் பக்தி ஜாஸ்தி போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். மாஸ்டர் கருத்தக்கண்ணனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. "பாத்துக்கங்கடா, பேக்குக்கு எப்படி மரியாதை குடுக்குறாகன்னு" என்று பையன்களைப் பார்த்துச் சொன்னார். மாரீஸ்வரி மட்டும் அந்த நிமிஷம் தன் கையைப் பார்த்தாள். இதைத் தொலைக்கத்தான் இங்கே வந்திருந்தாள்.

கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது, சொந்த ஊரான தேவாரத்தில் அவள் நடை பழகியபோதே சேர்ந்து பழகியது. புத்தகத்தில் பட்டால், முறத்தில் பட்டால், பஸ்ஸில் பக்கத்து ஆள்மேல் பட்டால் கை தானாகப் போகும். பட்டவர் 'பரவால்ல' என்பார். அதோடு முடிந்தது. இதையெல்லாம் யோசித்தா செய்கிறோம்? கொட்டாவி விட்டால் வாயை மூடுகிற மாதிரிதான். அவளும் யோசித்ததில்லை, ஆறு மாதத்துக்கு முன் அந்தச் சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்கு டூட்டி முடிந்து ஸ்கூட்டியில் வீரபாண்டிப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியன் அவள். பின்னால் வந்த பைக்கில் இரண்டு பேர், இரண்டு பேருமே ஹெல்மெட். பின் சீட்டில் உட்கார்ந்திருந்தவன் எட்டிச் செயினைப் பிடித்து இழுத்தான். முறுக்குச் செயின், அறுந்து தொலையவில்லை. ஸ்கூட்டியோடு அவள் விழுந்தாள். அவன் இறங்கி வந்து குனிந்து இரண்டு கையாலும் இழுத்தான். மல்லாந்து கிடந்தவள் காலை ஓங்கி ஒரு உதை விட்டாள். முட்டியில் சரியான அடி. அவன் தடுமாறிச் செயினை விட்டுவிட்டான். எழுந்து ஓடவோ, கத்தவோ, ஒரு கல்லை எடுக்கவோ அவளுக்கு இரண்டு நொடி முழுசாக இருந்தது. அந்த இரண்டு நொடியில் அவள் கை நீண்டு, திருடனின் முட்டியைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டது.

அதற்கு அவன் ஒரு வார்த்தை சொன்னான். அது பின்னால் வரும். சொல்லிவிட்டுச் செயினை அறுத்துக்கொண்டு போய்விட்டான்.

போலீஸிடம், ஆஸ்பத்திரியில், சொந்தக்காரர்களிடம் என்று இந்தக் கதையை மாரீஸ்வரி நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். நாற்பது தடவையும் உதைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். சின்னமனூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் பாண்டீஸ்வரன், "செயினு போனாப் போகுது மாரி, கழுத்து இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, "ஆனாலும் நீ உதைச்ச பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தான். அவள் அழுதபோதெல்லாம் நகைக்கு அழுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். அவளுக்கு நகை பெரிதாகத் தெரியவில்லை, அவமானமாக இருந்தது. தினமும் எண்பது பேருக்கு ஊசி குத்துகிற கை. ஒருத்தரிடமும் மன்னிப்புக் கேட்காத கை. கட்டுமஸ்தான போலீஸ்காரர்களே அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது போயும் போயும் ஒரு திருடனிடம் போய்க் கும்பிட்டிருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சுடுகாடு வரை போவது இருக்கட்டும், நடுரோட்டிலேயே காலை வாரிவிட்டதே என்று இருந்தது. மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த மறுநாள் வந்து ஜிம்மில் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

புது இடத்தில் சேர்வதென்பது மருமகளாகப் போகிற மாதிரிதான். எதை எங்கே வைப்பார்கள், யார் எப்போது பேசுவார்கள் என்று தெரிகிறவரைக்கும் கையையும் காலையும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது. முதல்நாள் சுடிதாருக்குத் துப்பட்டாவைக் குறுக்கே பின் குத்திக்கொண்டு போயிருந்தாள். கயிறு தாண்டும்போது துப்பட்டா ஒரு பக்கமும் கயிறு ஒரு பக்கமுமாகச் சிக்கிக்கொண்டன. மறுவாரம் பாண்டீஸ்வரனின் டிராக் பேண்டைக் கணுக்காலில் மடித்துவிட்டுக்கொண்டு போனாள். காலை ஆறு மணிக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பச்சைப் பாய்க்குள் வலது காலை வைத்துத் தலையைக் குனிய வேண்டும். அடித்து முடித்த பிறகு கிளவுஸோடு கிளவுஸ் தட்டிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்டர் போட்ட சட்டம் ஒன்று. 'சாரி' சொன்னால் பத்து தண்டால். "ரிங்குல சாரி கிடையாது. சாரி சொல்றவன் வெளிய போயிச் சொல்லு" என்பார். மாரீஸ்வரி வாயைத் திறந்து ஒருநாளும் சாரி சொன்னதில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் ஜோடி போட்டு உதைக்க விட்ட முதல்நாளே விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. எதிரே நின்றவளின் தொடையில் லேசாக உதைத்தாள். உடனே கிளவுஸ் மாட்டிய கை அந்தத் தொடையைத் தொட்டு, பலபேர் வேர்வை குடித்த அந்தக் கிளவுஸோடு கண்ணுக்குப் போயிற்று. எல்லாரும் உதைப்பதை நிறுத்திவிட்டார்கள். இது சாரியா, சாரி இல்லையா, தண்டால் உண்டா, கிடையாதா என்று மாஸ்டருக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. "அது... வேணாங்கக்கா" என்றார் கடைசியில்.

எதிரே நின்றவள் பெயர் இவாஞ்சலின். இருபத்திரண்டு வயது. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அந்த ஜிம்மில் அவள் காலுக்குப் பயப்படாத பையன் கிடையாது. மாநிலப் போட்டிவரை போய் ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டால் போலீஸ் வேலைக்கு உதவும் என்று இரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மற்றவர்களை உதைத்தால் சத்தம் ரோடுவரை கேட்கும். மாரீஸ்வரியை உதைக்கும்போது மட்டும் சாமிக்குப் பூ வைக்கிற மாதிரி காலை வைத்து எடுத்துவிட்டு, "வலிச்சுச்சாக்கா?" என்பாள். அவள் மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான். இன்ஜினியரிங் படிக்கிற மகிழன், குத்துவதற்குப் பதிலாக அவள் தோள் பக்கத்தில் காற்றைக் குத்திவிட்டு நகர்ந்துவிடுவான். வயதுக்கு மரியாதை, அம்மா வயசு, பாவம், செயினைப் பறிகொடுத்தவர்கள். எல்லாம் நல்ல மனசுதான். ஆனால் ஏழு மணிக்குக் கிளாஸ் முடிந்து வாசலில் நின்று, யாருக்குத் தொடையில் எத்தனை நீலம், யாருக்கு முழங்கையில் வீக்கம் என்று ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொள்வார்களே, அப்போது மாரீஸ்வரிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்டுவிட்டு, சோற்று வாளியை மட்டும் அவளைத் தாண்டிக் கொண்டுபோன மாதிரி இருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஸ்கூட்டியை எடுத்துவிடுவாள்.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. பிறகு மகிழன் ஒருநாள் விளையாட்டுக்கு ஆரம்பித்தான். கூட்டாளி ஒருத்தனை நன்றாக ஒரு உதை விட்டுவிட்டு, பவ்யமாகக் குனிந்து அவன் தொடையைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "மன்னிக்கணும் சாமி" என்றான். கொட்டகையே சிரித்தது. மாரீஸ்வரிக்கு முகம் சுருங்கியது. ஆனால் பார்த்தால் எல்லாரும் அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள், வா நீயும் சிரி என்கிற மாதிரி. அவளும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அது தொற்றிக்கொண்டது. உதைக்க வேண்டியது, தொட வேண்டியது, ஒற்றிக்கொள்ள வேண்டியது. 'மாரியக்கா டச்' என்று பெயரும் விழுந்துவிட்டது. வாட்ஸப் குரூப்பில் அவளைச் சேர்த்தார்கள். அவள் கிளவுஸோடு கும்பிடுகிற போட்டோவை ஸ்டிக்கராக்கி, குட்மார்னிங்குக்குப் பதிலாக அதைத்தான் போட்டார்கள். கிளாஸ் முடிந்து பருத்திப்பால் குடிக்கப் போகும்போது, "மாரியக்கா, வாங்க, எங்க ஓடுறீக?" என்று கூப்பிட்டார்கள். அவள் போனாள். பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளி இடம் விட்டார்கள். சூடான டம்ளரைத் துண்டில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி வந்த இந்தப் பதினேழு வருஷத்தில், யாருடைய பெண்டாட்டியாகவும் யாருடைய அம்மாவாகவும் இல்லாமல் ஒரு ஸ்டூல் கிடைத்தது இப்போதுதான். எதைத் தொலைக்க வந்தாளோ அதைக் கொடுத்துத்தான் அந்த இடம் கிடைத்திருக்கிறது என்பது தெரியாமலில்லை. தெரிந்தும் டம்ளரைக் காலி செய்தாள்.

மாவட்டப் போட்டி கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. வேன் பிடித்துப் போனார்கள். பாண்டீஸ்வரன், ஊருக்குப் போகிற மாதிரி புளியோதரை கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தான், அவன் செய்கிற ஒரே சமையல் அது. இவாஞ்சலினுக்கு மூன்றாவது சண்டை இறுதிச் சண்டை. எதிரே கம்பத்துப் பெண், உயரம் கொஞ்சம் ஜாஸ்தி. முதல் ரவுண்டு இவாஞ்சலினுக்கு. இரண்டாவதும் அவள் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தது. மாரீஸ்வரி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். கடைசி அரை நிமிஷத்தில் இவாஞ்சலின் இடுப்பைத் திருப்பி விட்டாள் பாருங்கள் ஒரு உதை, விலாவில் போய் விழுந்தது. கம்பத்துப் பெண் அப்படியே மடங்கினாள். முடிந்தது என்று மாஸ்டர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். இவாஞ்சலினின் வலது கை இறங்கியது. மடங்கிய பெண்ணின் விலாவைத் தொட்டது. திரும்பி மேலே வந்து இவாஞ்சலினின் கண்ணையே மூடியது. கண்ணை மூடிய கிளவுஸுக்குக் கீழே தாடை திறந்து கிடந்தது. கம்பத்துப் பெண் மடங்கின வாக்கிலேயே எழுந்து அங்கே ஒன்று வைத்தாள். இவாஞ்சலின் விழுந்தாள். நடுவர் பத்து எண்ணி முடிக்கிறவரை அவளால் முட்டி போட மட்டும்தான் முடிந்தது.

திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள். புளியோதரைத் தூக்கு திறக்காமல் மாரீஸ்வரியின் மடியிலேயே இருந்தது. உத்தமபாளையம் தாண்டிய பிறகு யாரோ அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். பார்த்தவன் சத்தத்தைக் குறைத்தான். அன்றைக்கே அது குரூப்பில் வந்து, அங்கிருந்து பஜாருக்குப் போய், இவாஞ்சலினின் அம்மா கைக்கும் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு மகள் தோற்றது பெரிதாகத் தெரியவில்லை. "யாரக் கும்பிட்ட நீ அங்கன? எங்க படிச்ச இந்தக் கும்பிட்ட?" என்று கேட்டு, ஜிம்முக்கே அனுப்ப மாட்டேன் என்று நின்றதாக மகிழன் வந்து சொன்னான். சொன்னவன் மாரீஸ்வரி முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரை யாரும் அனுப்புவதில்லை. பருத்திப்பாலுக்குப் போனார்கள், கூப்பிடவில்லை. இவாஞ்சலின் வரவேயில்லை. ஒருத்தரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

இரண்டாவது வாரம் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவளைவிட ஐந்தாறு வயது சின்னவர். தரையைப் பார்த்துக்கொண்டு, கையிலிருந்த ஸ்டாப்வாட்சை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டு பேசினார். "தப்பா எடுத்துக்கிறாதீகக்கா. பத்து மணிக்கு லேடீஸ் பேட்ச் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். பாட்டுப் போட்டு, உடம்பக் குறைக்கிறதுக்கு. நீங்க அங்கன வந்துருங்களேன்."

"பத்து மணிக்கு எனக்கு டூட்டியாச்சே மாஸ்டர்."

"ஆமால்ல" என்றார் அவர். அவருக்கு அது தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "இந்தப் புள்ளைகளுக்கு அடுத்த போட்டி வருது. பழக்கம் பாருங்க, பாத்தாலே ஒட்டிக்கிருது." அவள் தலையை ஆட்டினாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கிழவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தினாள். இந்தப் பத்து வருஷத்தில் அப்படிக் குத்தியதே கிடையாது.

மறுநாள் தன் கிளவுஸையும் காலில் கட்டுகிற ஷின் கார்டையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம், யார் முகத்திலும் முழிக்க வேண்டாம் என்று ஐந்தரை மணிக்கே போனாள். வெளுத்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்புக் கிடந்தது. உள்ளே இவாஞ்சலின் தனியாகப் பையை உதைத்துக்கொண்டிருந்தாள். தாடையில் மஞ்சளாக ஒரு கன்றல் மீதியிருந்தது. மாரீஸ்வரியைப் பார்த்ததும் நிறுத்தினாள். வா என்று சொல்லவில்லை.

"வீட்டுல விட்டாகளா?" என்றாள் மாரீஸ்வரி.

"டியூசன் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்." பையைப் பிடித்து நிறுத்தினாள். "எங்க வீட்டுல இந்தப் பழக்கமே கெடையாதுக்கா. கால் பட்டா சாரின்னு சொல்லுவோம், அம்புட்டுத்தான். சின்னப்புள்ளையா இருக்கையில ஒரு தடவ கும்பிட்டதுக்கு எங்கம்மா கையிலயே போட்டாக. இப்பப் பாருங்க." பையை ஓங்கி உதைத்தாள். பை போய் வந்தது. அவள் வலது கை இறங்கி, பாதிவழியில் நின்று, அப்புறம் போய்த் தொட்டே விட்டது. "நேத்துப் பஸ்ஸுல கண்டக்டரத் தொட்டுக் கும்பிட்டேன். அவரு பயந்துட்டாரு. விளையாட்டுக்குத்தான செஞ்சோம்? எனக்கு எப்படிக்கா வந்துச்சு?" கண் கலங்கிவிட்டது. கோபம்தான். "நீங்க குடுத்தது. நீங்களே எடுத்துவிடுங்க."

முள்ளை எடுத்துவிடு என்கிற மாதிரி கேட்டாள். மாரீஸ்வரி கிளவுஸ் தொங்கிய ஆணிக்குப் போய், எடுக்காமல், பாயில் உட்கார்ந்தாள். விடிகாலை ஈரத்துக்கு, எப்போதோ போன ஏலக்காயின் வாசம் லேசாக எழும்பிற்று. என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

"எஞ்செயினு போன கதை தெரியும்ல?"

"தெரியும். உதைச்சீகன்னு மகிழன் சொன்னான்."

"உதைச்சேன். முட்டியில நல்ல உதை. செயின விட்டுட்டான்." பாயின் பிய்ந்த ஓரத்தை நிமிண்டினாள். "அப்புறம் அவன் முட்டியத் தொட்டுக் கும்பிட்டேன்."

இவாஞ்சலின் அவளையே பார்த்தாள். "திருடனவா?"

"திருடனத்தான்."

"அவன் என்ன செஞ்சான்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கேட்பதற்கு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. மாரீஸ்வரி ஆணியில் தொங்கிய கிளவுஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவன் குனிஞ்சு, இந்தா இம்புட்டுக் கிட்டத்துல மூஞ்சிய வச்சுக்கிட்டு..." ஹெல்மெட் கண்ணாடிக்குள் தெரிந்த அந்தக் கண் இப்போதும் தெரிந்தது. "'பரவால்லக்கா'ன்னு சொன்னான். சொல்லிட்டுத்தான் அறுத்தான்."

ஐயோ பாவம் என்பாள் என்று நினைத்தாள். தோளில் கை வைப்பாள் என்று நினைத்தாள். இவாஞ்சலின் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கையையும் மீறிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. "பரவால்லக்காவா! அவனுமா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு பையில் சாய்ந்து சிரித்தாள். பை ஆட, அதோடு சேர்ந்து ஆடினாள். இத்தனை மாதம் நெஞ்சில் கல்லாகக் கிடந்ததை ஒருத்தி எதிரே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். கோபம் வந்திருக்க வேண்டும். மாரீஸ்வரிக்கும் சிரிப்புத்தான் வந்தது. முதலில் மூக்கால், பிறகு முழுசாக. அவனும் ஒரு வீட்டில் நடை பழகியவன்தானே, அவனுக்கும் எவளோ ஒருத்தி சொல்லித்தானே கொடுத்திருப்பாள் என்று நினைத்ததும் இன்னும் வந்தது.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவாஞ்சலின் கிளவுஸை மாட்டினாள். "எந்திரிங்க. உங்க கை இறங்குனா நான் மூஞ்சியில குத்துவேன். என் கை இறங்குனா நீங்க குத்துங்க. சும்மா காத்துல இல்ல."

முதல் உதை மாரீஸ்வரியின் இடது தொடையில் விழுந்தது. பூ வைக்கிற உதை இல்லை அது. எலும்புவரை போய் ஒரு விளக்கைப் போட்ட மாதிரி வலித்தது. முட்டி மடங்கி ஒரு காலில் நின்றாள். இவாஞ்சலினின் கிளவுஸ் அசைந்தது. அசைந்து, தாடையிலேயே நின்றது. "வலிச்சுச்சாக்கா" வரவில்லை. மாரீஸ்வரியின் வாய் தானாகத் திறந்து, "பரவால்ல" என்றது.

"யாரு கேட்டா உங்கள்ட்ட?" என்றாள் இவாஞ்சலின்.

அப்புறம் மாரீஸ்வரி உதைத்தாள். கை இறங்கியது, மூக்கில் ஒன்று விழுந்தது. உதைத்தாள், இறங்கியது, விழுந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நாலாவதற்குக் கை பாதிவரை போய்த் திரும்பியது. அதற்கும் விழுந்தது. இவாஞ்சலினின் கை ஒருதரம் முழுசாக இறங்கிவிட்டபோது மாரீஸ்வரி யோசித்தாள். யோசித்ததற்கு ஒரு அடி வாங்கினாள். அடுத்த தரம் யோசிக்காமல் குத்தினாள். அந்தப் பிள்ளையின் தலை பின்னால் போய் வந்தது. இருவரும் கிளவுஸைத் தட்டிக்கொண்டார்கள். எத்தனையாவது உதைக்கு என்று தெரியாது, கால் போய்ப் பட்டு, கீழே வந்து, பாயில் ஊன்றிவிட்டது. கை தாடைப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்ததற்கும் இருந்தது. எப்போது வெளிச்சம் முழுசாக வந்தது, எப்போது மற்றவர்கள் வந்து சுவரோரமாக நின்றார்கள் என்று அவள் கவனிக்கவில்லை. கருத்தக்கண்ணன் கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தார். நிறுத்தச் சொல்வார் என்று திரும்பினாள்.

"மாரீஸ்வரி, இங்கன என்ன பார்வை? கைய மேல வை!" என்று கத்தினார்.

அக்காவும் இல்லை, வாங்க போங்கவும் இல்லை. கையை மேலே வைத்தாள்.

ஏழு மணிக்கு வாசலில் நின்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் டிராக் பேண்டை முட்டிவரை சுருட்டினாள், நீலம் அதற்கும் மேலே இருந்தது. "நாளைக்குப் பாருங்க, பச்சையா மாறும்" என்றான் மகிழன், அனுபவஸ்தன் மாதிரி. பருத்திப்பாலுக்கு முன்னாலேயே போய் ஸ்டூல் பிடிக்கிறேன் என்று ஓடினான். லேடீஸ் பேட்ச்சைப் பற்றி மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கடைசியாக இவாஞ்சலினும் அவளும்தான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குவியலுக்குள் ஒற்றைக் காலில் நின்று துழாவிய இவாஞ்சலின் தடுமாறி, மாரீஸ்வரியின் பாதத்தில் மிதித்துவிட்டாள். மிதித்த வேகத்தில் குனிந்து, தொட்டு, இரண்டு விரலையும் கண்ணில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஒரு மணி நேரம் குத்து வாங்கி விரட்டிய பழக்கம் வாசலிலேயே காத்து நின்றிருக்கிறது.

"பரவால்ல" என்றாள் மாரீஸ்வரி. சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

விரலைக் கண்ணிலிருந்து எடுக்காமல், மறு கண்ணால் அவளைப் பார்த்து, "க்கா" என்று முடித்தாள் இவாஞ்சலின்.

இரண்டு பேரும் செருப்புக் குவியலுக்கு நடுவில் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரோட்டில் போன ஒரு பைக் வேகம் குறைந்து, ஓரம் கட்டி, அவர்களுக்கு நாலடி தள்ளி நின்றது. இரண்டு பேர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பின்னால் இருந்தவன் காலை ஊன்றி இறங்கி, "அக்கா" என்றான். போடி ஊருக்குப் போகிற வழி கேட்கவோ, பக்கத்தில் எந்தக் கடை என்று கேட்கவோ இருக்கலாம். இவாஞ்சலின் சிரிப்பை நிறுத்தவில்லை, மாரீஸ்வரியைப் பார்த்ததும்தான் நிறுத்தினாள். ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக மாரீஸ்வரி நின்றிருந்தாள். அவள் இரண்டு கையும் அவளுக்கே தெரியாமல் தாடைக்கு வந்திருந்தன.